தேநீரும் துயிலும்

உரைநடைப் பகுதி: அறிவியல் கட்டுரை

நுழையும் முன்

தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பொழுது விடிவது வடிகாப்பியின் மணத்தோடுதான். ஐதராபாத்தில் வாழும் தமிழ் மாணவர்களுக்கோ வீட்டில் காப்பி, வீதியில் இரானி சாய் என இரண்டு சுவைகள் வாய்த்துள்ளன. அண்மைக்காலமாக மூன்றாவதாக ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. பாசிப்பச்சை நிறத்தில், நுரை ததும்ப வைக்கப்படும் மட்சா என்னும் சப்பானியத் தேநீரே அது. ஆற்றல் தரும், ஆனால் தூக்கத்தைக் கெடுக்காது என்று அதைப்பற்றிப் பலரும் பேசுகின்றனர். இப்பேச்சு எவ்வளவு உண்மை? ஒரு கோப்பைத் தேநீர் நம் துயிலையும் உடல் ஆற்றலையும் எவ்வாறு தொடுகிறது? இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு செடி, இரு பெயர்கள்

தமிழில் தேயிலை என்கிறோம். உருதுவிலும் இந்தியிலும் சாய் என்கின்றனர். இரண்டும் சீனத்திலிருந்து வந்த சொற்களே. சீன மொழியில் ஒரே எழுத்தால் குறிக்கப்படும் இச்செடியின் பெயரை பூசியன் கடற்கரை மக்கள் 'தே' என்றும், ஏனைய பகுதியினர் பெரும்பாலும் 'சா' என்றும் ஒலித்தனர். பூசியன் துறைமுகத்தாரோடு வணிகம் செய்த டச்சுக்காரர்கள் 'தே' என்ற ஒலியைக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். தரைவழியே பாரசீகம் சென்ற ஒலியோ 'சாய்' ஆனது. ஐதராபாத்தின் ஒரு கடை முன் நின்று தமிழர் ஒருவர் தேநீர் என்றும், அவருடைய நண்பர் சாய் என்றும் கேட்கும்போது, கடல்வழியும் தரைவழியும் ஒரே மேசையில் சந்திக்கின்றன எனலாம். குமரி மாவட்டத்தில் இன்றும் 'சாயா' என்று சொல்வோர் உண்டு.

பெயர் எதுவாயினும் செடி ஒன்றுதான். கருந்தேநீர், பசுந்தேநீர், மட்சா ஆகிய அனைத்தும் கமேலியா சைனென்சிஸ் என்னும் ஒரே செடியின் இலைகளே. பறித்த பின் இலையை என்ன செய்கிறோம் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

தேநீருக்கும் விழிப்புக்கும் உள்ள உறவை அறிவியல் கூறுவதற்கு முன்பே கதை கூறிவிட்டது. காஞ்சிபுரத்து அரசிளங்குமரர் என்று மரபு போற்றும் போதிதருமர் சீனத்தில் தவமிருந்தாராம். ஒருநாள் தம்மையறியாமல் உறங்கிவிட்டார். விழித்ததும் சினங்கொண்டு தம் இமைகளையே அறுத்து எறிந்தார். இமைகள் விழுந்த இடத்தில் முளைத்ததே தேயிலைச் செடி என்பது அக்கதை. கதை கதையாகவே இருக்கட்டும். மூடாத இமைக்கும் தேயிலைக்கும் முடிச்சுப் போட்டவர்கள், இலையின் குணத்தை நன்கு அறிந்தே போட்டிருக்கிறார்கள்.

இரானியர் கொணர்ந்த சுவை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஈரானின் யாசுத், கெர்மான் முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் பலர் பிழைப்பு நாடி பம்பாய்க்கு வந்தனர். அவர்களுள் ஒரு பகுதியினர் நிசாமின் ஐதராபாத்துக்கு நகர்ந்து, தெருமுனைகளில் தேநீர்க் கடைகளைத் திறந்தனர். பளிங்கு மேசைகள், வளைந்த மர நாற்காலிகள், சுவரெங்கும் கண்ணாடிகள் என்ற அமைப்பு அக்கடைகளின் அடையாளமாயிற்று. சார்மினாரின் அருகே உள்ள நிம்ரா, ரெட் ஹில்சின் நீலோஃபர், செகந்திராபாத் தொடர்வண்டி நிலையத்தின் எதிரே உள்ள ஆல்ஃபா ஆகியன இன்று பலரும் அறிந்த பெயர்கள்.

இரானி சாய் வைக்கும் முறை தனித்தன்மை உடையது. தேயிலைத் தூளும் நீரும் ஒரு பாத்திரத்தில், மூடி இறுக்கப்பட்டுச் சிறு தீயில் நெடுநேரம் கொதிக்கும். பிரியாணிக்கு 'தம்' போடுவதுபோல இதற்கும் தம் உண்டு. ஆவி வெளியேறாதவாறு மூடியின் விளிம்பை மாவாலோ துணியாலோ அடைப்பர். மற்றோர் அடுப்பில் பால் தனியே சுண்டிக்கொண்டிருக்கும். கோப்பையில் முதலில் வடிநீர், அதன்மேல் கெட்டிப் பால். முழுக்கோப்பை வேண்டாதவர் 'பௌனா' என்று கேட்பார். முக்கால் என்பது அதன் பொருள். ஏழாம் நிசாம் மீர் உசுமான் அலிகானின் பெயர் தாங்கிய உசுமானியா பிசுக்கோத்து உடன் வரும். உப்பும் இனிப்பும் கலந்த அந்தப் பிசுக்கோத்தைச் சாயில் நனைத்து உண்ணாதவர், ஐதராபாத்துக்கு வந்தும் வராதவரே.

இவ்வளவு நேரம் கொதித்த சாயில் காஃபீன் மிகுந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு எண்ணுவது முற்றிலும் சரியன்று. இலையிலுள்ள காஃபீனில் பெரும்பகுதி, கொதிநீர் பட்ட முதல் சில நிமிடங்களிலேயே இறங்கிவிடும். அதற்குப் பின் மேலும் மேலும் இறங்குவது துவர்ப்பைத் தரும் டானின் வகைப் பொருள்களே. நாக்கில் உறைக்கும் கடுமையைக் கொண்டு காஃபீனை அளக்க இயலாது. எவ்வளவு தூள் இட்டார்கள், எத்தனை கோப்பை பருகினோம் என்பவையே கணக்கு. இதை இங்கே நினைவில் இருத்திக்கொள்க. டானின் பற்றிய பேச்சு பின்னர் மீண்டும் வரும்.

மூளையின் நாற்காலிகள்

செருமானிய வேதியியலார் பிரீட்லிப் ரூங்கே 1819-இல் காப்பிக்கொட்டையிலிருந்து காஃபீனைப் பிரித்தெடுத்தார். 1827-இல் தேயிலையில் ஒரு பொருள் கண்டறியப்பட்டு, அதற்குத் 'தெயின்' என்று தனிப்பெயர் சூட்டப்பட்டது. இரண்டும் ஒன்றே என்பது சில ஆண்டுகளில் தெரியவந்தது. காப்பி வேறு, தேநீர் வேறு என்று வீட்டில் வழக்காடும் பெரியவர்கள் இச்செய்தியை அறிந்துகொள்வது நலம்.

காஃபீன் எவ்வாறு விழிப்பைத் தருகிறது? அதை அறிய, முதலில் தூக்கம் எவ்வாறு வருகிறது என்பதை அறிய வேண்டும். நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சிறிது சிறிதாகச் சேர்கிறது. மூளைச் செல்களின் மீது அடினோசின் வந்து பொருந்துவதற்கென்றே ஏற்பிகள் உள்ளன. அவற்றை நாற்காலிகள் என்று கொள்வோம. காலையில் பெரும்பாலான நாற்காலிகள் வெறுமையாய் இருக்கும். மாலை, இரவு என நேரம் செல்லச் செல்ல அடினோசின் வந்து அமர்ந்துகொண்டே இருக்கும். நாற்காலிகள் நிரம்ப நிரம்ப மூளையின் சுறுசுறுப்புக் குறையும், கொட்டாவி வரும், கண் சொக்கும். உறங்கும்போது இந்த அடினோசின் குறைந்து, காலையில் மீண்டும் நாற்காலிகள் வெறுமையாகும்.

காஃபீன் மூலக்கூற்றின் வடிவம் அடினோசினை ஒத்திருக்கிறது. ஆகையால் அது வந்து அதே நாற்காலிகளில் அமர்ந்துகொள்கிறது. அமர்ந்தாலும், அடினோசின் செய்யும் வேலையைச் செய்வதில்லை. இடத்தை மட்டும் அடைத்துக்கொள்கிறது. களைப்பின் செய்தி மூளைக்கு எட்டாமல் போகிறது. நமக்கோ புத்துணர்ச்சி வந்ததாகத் தோன்றுகிறது.

இங்கு ஒன்றை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். அடினோசின் எங்கும் போய்விடவில்லை. நின்றுகொண்டே காத்திருக்கிறது. இடைப்பட்ட நேரத்தில் இன்னும் சேர்கிறது. காஃபீன் எழுந்து போனதும் காத்திருந்தவை அனைத்தும் ஒருசேர வந்து அமர்கின்றன. மாலை சாய் குடித்த சில மணி நேரத்தில் திடீரென்று சோர்வு கவிவதற்கு இது ஒரு காரணம். ஆகவே, தேநீர் ஆற்றல் தருகிறது என்னும் வழக்கு சரியான வழக்கன்று. உடலுக்கு ஆற்றல் தருவது உணவு. பாலும் சர்க்கரையும் சேராத தேநீரில் ஆற்றல் ஏறக்குறைய இல்லை. இரானி சாயில் இரு தேக்கரண்டி, அதாவது 10 கிராம் சர்க்கரை இருந்தால் அது தருவது 40 கலோரி. அதுவும் சர்க்கரையின் கொடையே, தேயிலையின் கொடை அன்று. தேயிலை செய்வது களைப்பை மறைத்தல் மட்டுமே.

நாள்தோறும் பருகுவோரின் மூளை இதற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. முன்பு ஒரு கோப்பை தந்த விழிப்பைத் தர இரண்டு கோப்பை தேவைப்படும். ஒருநாள் நிறுத்தினால் தலைவலி வரும். ரமலான் நோன்பின் முதல் சில நாள்களில், பழைய நகரத்தின் சாய்ப் பிரியர்கள் பலருக்குப் பிற்பகலில் தலை வலிப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. நோன்புக்கு முந்தைய வாரங்களிலேயே கோப்பைகளைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளுமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துவது இதனால்தான்.

உடல் போடும் 'ஒன் பை டூ'

ஐதராபாத்துக் கடைகளில் 'ஒன் பை டூ' என்று கேட்டால் ஒரு கோப்பையை இரண்டாகப் பகிர்ந்து தருவர். நம் உடலும் இதே வேலையைச் செய்கிறது. பருகிய காஃபீன் முக்கால் மணி நேர அளவில் குருதியில் உச்ச நிலையை அடைகிறது. பின்பு கல்லீரல் அதைச் சிதைக்கத் தொடங்குகிறது. வளர்ந்தவர்களின் உடலில், இருக்கும் காஃபீனில் பாதி குறைவதற்குச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். இதனை அரைவாழ்வுக்காலம் என்பர். ஒருவருக்கு மூன்று மணி நேரமாகவும் மற்றொருவருக்கு ஏழு மணி நேரமாகவும் இது வேறுபடலாம். இரவு உணவுக்குப்பின் காப்பி குடித்துவிட்டு உடனே குறட்டை விடும் சித்தப்பாவும், மாலை நான்கு மணிக்குக் குடித்ததற்கே நள்ளிரவு வரை புரளும் அத்தையும் ஒரே வீட்டில் இருப்பதற்கு இவ்வேறுபாடு ஒரு காரணமாகும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மாணவர் ஒருவர் இரவு 9 மணிக்கு இரண்டு கோப்பைத் தேநீர் அருந்துகிறார். கோப்பைக்கு 50 மில்லிகிராம் என்று கொண்டால் மொத்தம் 100 மில்லிகிராம். நள்ளிரவு கடந்து 2 மணிக்கு அவர் உடலில் 50 மில்லிகிராம் இருக்கும். அஃதாவது, ஆழ்ந்து உறங்க வேண்டிய நேரத்தில் ஒரு முழுக்கோப்பையை அப்போதுதான் குடித்ததற்கு நிகரான அளவு. காலை 7 மணிக்குப் பள்ளிப் பேருந்தில் ஏறும்போதும் 25 மில்லிகிராம் உடன் பயணம் செய்யும்.

'எனக்கு எவ்வளவு குடித்தாலும் தூக்கம் வரும்' என்போர் உளர். அவர்களுக்கு விடை சொல்லும் ஆய்வு ஒன்று 2013-இல் அமெரிக்காவின் டெட்ராயிட் நகரிலிருந்து வெளிவந்தது. படுக்கைக்குச் செல்லும்போதும், மூன்று மணி நேரம் முன்பும், ஆறு மணி நேரம் முன்பும் 400 மில்லிகிராம் காஃபீன் கொடுத்துப் பார்த்தனர். ஆறு மணி நேரம் முன்பு எடுத்தாலும் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் குறைந்ததைக் கருவி காட்டியது. ஆனால், அந்த இழப்பை உறங்கியவர்கள் பெரிதாக உணரவில்லை! 400 மில்லிகிராம் என்பது பெரிய அளவுதான். ஒரு கோப்பைச் சாயோடு அதனை ஒப்பிடலாகாது. எனினும் தூக்கத்தின் குறையைத் தூங்கியவரே அறியாதிருக்கக்கூடும் என்னும் செய்தி சிறியதன்று. காஃபீன் தூக்கத்தின் நேரத்தை மட்டுமன்றி, உடல் மிகுதியாக ஓய்வு பெறும் ஆழ்துயில் பகுதியையும் குறைக்கும் தன்மையது.

மட்சாவின் பக்கம்

மட்சா பிற தேநீர்களினின்று இரு வகையில் மாறுபடுகிறது. முதலாவது, வளர்ப்பு. பறிப்பதற்கு முன் ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குச் செடிகளின்மேல் பந்தலிட்டு வெயிலை மறைப்பர். நிழலில் வளரும் இலை பச்சையம் மிகுந்து அடர்பச்சை நிறம் கொள்ளும். வெயில் பட்டால் துவர்ப்புப் பொருளாக மாறிவிடக்கூடிய தியானின் என்னும் அமினோ அமிலமும் இலையிலேயே தங்கும். இரண்டாவது, அருந்தும் முறை. இலையை ஊறவைத்து வடிகட்டி எறிவதில்லை. காம்பும் நரம்பும் நீக்கிய இலையைக் கல் திரிகையில் மாவாக அரைத்து, வெந்நீரில் மூங்கில் துடைப்பத்தால் அடித்துக் கலக்கி, இலையையே உட்கொள்கின்றனர். சப்பானின் கியோட்டோ அருகிலுள்ள ஊசி என்னும் ஊர் இதற்குப் பெயர்பெற்றது.

1949-இல் சப்பானிய ஆய்வாளர் தேயிலையில் கண்டறிந்த தியானின், மனத்தை அமைதிப்படுத்தும் இயல்புடையது என்று ஆய்வுகள் சில கூறுகின்றன. தியானின் என்ற சொல்லுக்கும் நம் தியானத்துக்கும் உறவில்லை. தேயிலைக்கு முன்பு வழங்கிய 'தியா' என்ற இலத்தீன் பெயரிலிருந்து வந்தது அது. ஆயினும் பெயர்ப்பொருத்தம் நன்றாகவே அமைந்துவிட்டது.

காஃபீனின் படபடப்பைத் தியானின் தணிப்பதால் மட்சா தரும் விழிப்பு நிதானமாக இருக்கும் என்பர். இதில் ஓரளவு உண்மை உண்டு. இதிலிருந்து மட்சா தூக்கத்தைக் கெடுக்காது என்ற முடிவுக்குத் தாவுவதே பிழை. இரண்டு கிராம் மாவு இட்ட ஒரு கிண்ணத்தில் ஏறத்தாழ 40 முதல் 70 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கும். சாதாரணத் தேநீரைவிட இது குறைவன்று, சிலவேளை மிகுதியே. தியானினைப் பற்றிய ஆய்வுகளில் 200 மில்லிகிராம் அளவு கொடுப்பது வழக்கம். ஒரு கிண்ண மட்சாவில் இருப்பது பொதுவாக அதைவிட மிகக் குறைவு. மேலும், காஃபீன் அமர்ந்திருக்கும் நாற்காலியைத் தியானின் காலி செய்து கொடுப்பதில்லை.

வரலாற்றைப் பார்த்தாலும் இது விளங்கும். எய்சாய் என்னும் பௌத்தத் துறவி 1191-இல் சீனத்திலிருந்து சப்பான் திரும்பியபோது தேயிலை விதைகளையும் பொடித்தேநீர் அருந்தும் வழக்கத்தையும் கொண்டுவந்தார். 1211-இல் தேநீரின் நலன்கள் பற்றி நூலும் எழுதினார். துறவியர் அதை அருந்தியது நெடுநேரத் தியானத்தில் கண் அயராதிருப்பதற்காக. உறக்கத்தைத் தள்ளிவைக்கவே பருகப்பட்ட ஒன்றை, உறக்கத்துக்குத் தீங்கு செய்யாத பானம் என்று விற்பது வியப்புக்குரியது.

தார்நாக்காவின் அளவுகோல்

எவ்வளவு அருந்தலாம் என்னும் வினாவுக்கு விடை காண ஐதராபாத் மாணவர்கள் தொலைவு செல்ல வேண்டியதில்லை. உசுமானியா பல்கலைக்கழகத்தின் அருகே தார்நாக்காவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் உள்ளது. இந்நிறுவனத்தின் பிறப்பிடம் தமிழ்நாடு. 1918-இல் நீலகிரியின் குன்னூரில், இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவரின் பொறுப்பில், பெரிபெரி நோயை ஆராயும் சிறு பிரிவாக அது தொடங்கியது. 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. 1969-இல் இன்றைய பெயரைப் பெற்றது. தேயிலை மலையில் பிறந்து சாய் நகரில் வளர்ந்த நிறுவனம் தேநீரைப்பற்றிப் பேசுவது பொருத்தம்தானே!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இந்நிறுவனமும் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள் 17 நெறிகளைக் கொண்டவை. அவற்றில் 150 மில்லிலிட்டர் கோப்பை ஒன்றுக்கான காஃபீன் அளவு தரப்பட்டுள்ளது. வடித்த காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம். உடனடிக் காப்பியில் 50 முதல் 65. தேநீரில் 30 முதல் 65. ஒரு நாளில் 300 மில்லிகிராமைக் கடத்தலாகாது என்பது அதன் அறிவுரை.

வளரிளம் பருவத்தினர்க்கு இதைவிடக் குறைந்த அளவே தகும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 3 மில்லிகிராம் என்ற அளவைக் குறித்தது. 45 கிலோகிராம் எடையுள்ள மாணவருக்கு இது 135 மில்லிகிராம். கடுந்தேநீர் இரண்டு கோப்பையில் ஏறத்தாழ எல்லை வந்துவிடும். உறக்கத்தைப் பொறுத்தவரை எல்லை இன்னும் அருகில் உள்ளது. படுக்கும் நேரத்தை ஒட்டி அருந்தினால், கிலோகிராமுக்கு 1.4 மில்லிகிராம் அளவே சிலருக்குத் தூக்கத்தைத் தாமதப்படுத்தும் என்று அதே ஆணையம் கூறுகிறது. அதே மாணவருக்கு இது 63 மில்லிகிராம். ஒரு கடுஞ்சாய்!

உணவோடு தேநீர்

முன்னர்க் குறிப்பிட்ட டானினுக்கு வருவோம். கீரை, கேழ்வரகு, பருப்பு முதலிய தாவர உணவுகளிலுள்ள இரும்புச்சத்தை டானின் வயிற்றில் கட்டிப்போட்டுவிடும். உடல் அதை உறிஞ்ச இயலாமல் போகும். ஆகவேதான், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பும் ஒரு மணி நேரம் பின்பும் தேநீரும் காப்பியும் வேண்டா என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டுதல் வலியுறுத்துகிறது.

இது சிறு செய்தி போலத் தோன்றலாம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுடைய பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கும், அதே வயதுடைய ஆண்களில் 31.1 விழுக்காட்டினருக்கும் குருதிச்சோகை உள்ளது. நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் வயதினரைப் பற்றியதே இக்கணக்கு. இரும்புச்சத்துக் குறைந்தால் குருதி போதிய உயிர்வளியை எடுத்துச் செல்லாது. படியேறினால் மூச்சு வாங்கும். பிற்பகல் வகுப்பில் சோர்வு கவியும். சோர்வு வந்ததும் மாணவி ஒருத்தி என்ன செய்கிறாள்? இட்டிலியோடு ஒரு காப்பி, மதிய உணவு முடிந்ததும் ஒரு தேநீர் என்று அருந்துகிறாள். தேநீர் அவளுடைய சோர்வை ஒரு மணி நேரம் மறைக்கிறது. அதே தேநீர் அவள் உண்ட முருங்கைக்கீரையின் இரும்பை உடலில் சேரவிடாமல் தடுத்து, அடுத்த மாதச் சோர்வுக்கு வித்திடுகிறது. மறைப்பதும் வளர்ப்பதும் ஒரே கோப்பை. ஓயாத களைப்பு உடையோர்க்கு முதலில் வேண்டியது குருதிப் பரிசோதனை. இன்னொரு கோப்பை அன்று.

உணவில் எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டால் அவற்றிலுள்ள உயிர்ச்சத்து சி இரும்பை உறிஞ்ச உதவும். தேநீரைக் கைவிட வேண்டியதில்லை. உணவிலிருந்து தள்ளிவைத்தாலே போதும். மாலை நான்கு மணிச் சாய்க்கு இதில் எவ்விதத் தடையும் இல்லை.

தேர்வுக்கால இரவு

பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் இந்நகரின் பல வீடுகளில் விளக்கு அணைவதில்லை. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைக்கு இரவு பதினொரு மணிக்கு அம்மா அன்போடு ஒரு குவளைத் தேநீர் வைக்கிறார். அண்மை ஆண்டுகளில் ரமலான் மாதமும் இக்காலத்தை ஒட்டியே வருவதால், பழைய நகரத்தில் சகர் உணவு நேரம் வரை கடைகள் திறந்திருக்கின்றன. நண்பர்களோடு நடந்து சென்று சாய் அருந்திவிட்டு மீண்டும் படிக்க அமர்வோரும் உண்டு.

பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பது பழமொழி. தேநீரால் அந்த நித்திரையைத் தள்ளிவைத்துப் படிப்பதால் பயன் உண்டா? 1924-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சென்கின்சு, தாலென்பாக் என்னும் இரு உளவியலார் ஒரு சோதனை செய்தனர். பொருளற்ற அசைகளை இரு மாணவர்களுக்குக் கற்பித்து, சிலவேளை உறங்கச் செய்தும் சிலவேளை விழித்திருக்கச் செய்தும் பின்னர் நினைவுகூரச் சொன்னார்கள். உறங்கியெழுந்தபோது நினைவில் நின்றவை மிகுதி. சோதனைக்கு உட்பட்டவர்கள் இருவரே என்றாலும், பிற்கால ஆய்வுகள் பலவும் அவ்வழியிலேயே சென்றன. பகலில் கற்றதை மூளை அடுக்கிவைப்பது உறக்கத்தில்தான் என்று இன்று அறிகிறோம். 13 முதல் 18 வயதினர்க்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் வரையறுத்தது. இரவு இரண்டு மணி வரை தேநீரின் துணையோடு படித்த பாடம், காலை ஒன்பது மணித் தேர்வறையில் கைகொடுக்காமல் போவதற்கு அப்பாடம் மட்டுமே பொறுப்பன்று.

இரவு பத்து மணிக்கு உறங்குவோர் கடைசிக் கோப்பையைப் பிற்பகல் மூன்று அல்லது நான்கு மணிக்குள் முடித்துக்கொள்ளலாம். படிக்கும்போது கண் சொக்கினால் இருபது நிமிடம் படுத்து எழுவது, தேநீர் செய்யாத ஒன்றைச் செய்யும். நாற்காலிகளில் சிலவற்றையேனும் உண்மையாகவே காலி செய்யும்.

சொல்லும் பொருளும்

துயில் – உறக்கம்
வடிநீர் – தேயிலையைக் கொதிக்கவைத்து இறுத்த சாறு
ஏற்பி – செல்லின்மீது குறிப்பிட்ட பொருள் வந்து பொருந்தும் இடம்
குருதிச்சோகை – இரத்தத்தில் சிவப்பணுக்களோ ஈமோகுளோபினோ குறைந்த நிலை
திரிகை – தானியம் அரைக்கும் கற்பொறி

மொழியை அறிவோம்

தே + இலை = தே + ய் + இலை = தேயிலை. இரு உயிரெழுத்துகள் சேருமிடத்தில் ய், வ் ஆகிய மெய்கள் தோன்றி அவற்றை இணைக்கும். இவை உடம்படுமெய் எனப்படும். ஏகாரத்தின்முன் இவ்விரண்டு மெய்யும் வருதல் உண்டு. தேயிலையில் யகரம் வந்துள்ளது. 'சே + அடி' என்பது சேர்ந்து எவ்வாறு வரும் எனக் கண்டறிக.

பயிற்சி

1. காஃபீன் அடினோசினின் இடத்தில் அமர்வதால் உடலில் நிகழ்வது யாது? உம் சொந்த உவமை ஒன்றைக் கொண்டு விளக்குக.
2. பிரியா மாலை 5 மணிக்கு 80 மில்லிகிராம் காஃபீன் உள்ள காப்பி அருந்தினாள். அரைவாழ்வுக்காலம் ஐந்து மணி நேரம் எனில், இரவு 10 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் அவள் உடலில் எஞ்சியிருக்கும் அளவு என்ன?
3. 'கடுமையாகத் துவர்க்கும் தேநீரில் காஃபீன் மிகுதி.' இக்கூற்று சரியா? காரணம் கூறுக.
4. மட்சா தூக்கத்தைக் கெடுக்காது என்று உம் தோழர் கூறுகிறார். அவருக்கு மறுமொழியாகப் பத்து வரிகளில் ஒரு மடல் எழுதுக.
5. உம் வீட்டில் ஒரு வாரத்துக்கு யார் யார், எந்த நேரத்தில், எத்தனை கோப்பை காப்பியோ தேநீரோ அருந்தினர் என அட்டவணையிடுக. உணவோடு சேர்த்து அருந்தியவற்றை வட்டமிடுக.
6. தமிழ், தெலுங்கு, உருது, மலையாளம் ஆகிய மொழிகளில் தேநீருக்கு வழங்கும் பெயர்களைத் திரட்டி, அவற்றுள் 'தே' வழி வந்தவை எவை, 'சா' வழி வந்தவை எவை எனப் பிரித்து எழுதுக.